பாயின்ட் கிடையாது பாஸ்!

செமஸ்டர் எக்ஸாம்ல திடீர்னு இப்படி ஒரு பேப்பர் வைக்கிறாங்கன்னு வச்சுக்குவோம். மார்க் கிடையாது. இன்டர்னல்ல சேராது. சி.ஜி.பி.ஏ. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. அரியர் விழாது. ஆனா ஃபர்ஸ்ட் வர்ற ஒரே ஒருத்தருக்கு எட்டு கோடி ரூபாய்க்கு மேல பரிசு! என்ன பண்ணுவீங்க? 'கட் அடிச்சுட்டு சினிமாவுக்குப் போவேன்'னு சொல்றவங்க அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். மத்தவங்க வாங்க, உட்காருங்க.

அமெரிக்காவுல இப்படி ஒரு பேப்பர் வருஷா வருஷம் நிஜமாவே நடக்குது. எழுதறது பேனாவால இல்லை, காரால. பேரு நாஸ்கார் ஆல்-ஸ்டார் ரேஸ். நாஸ்கார் கப் சீசன்ல மொத்தம் 36 ரேஸ். ஒவ்வொண்ணுக்கும் பாயின்ட் உண்டு, அதை வச்சுத்தான் சாம்பியன். அந்த 36-லயும் சேராம, வழக்கமா மே மாசத்துல தனியா நிக்கிற ரேஸ் இது. பாயின்ட் சுத்தமா ஜீரோ. 2003-லேருந்து ஜெயிக்கிறவருக்கு 10 லட்சம் டாலர்.

நாஸ்கார்னா என்னன்னு கேக்கிற இ.சி.இ., ஐ.டி. மக்களுக்காக ஒரு சின்ன ப்ரேக். 2006-ல வந்த 'கார்ஸ்' கார்ட்டூன் படம் பார்த்திருப்பீங்க. அதுல வர்ற அந்தத் திமிர் பிடிச்ச சிவப்புக் காரு இருக்கே, அதுதான் ஸ்டாக் கார். 'ஸ்டாக்'னா ஷோரூம்ல ஸ்டாக் இருக்கிற வண்டியை அப்படியே எடுத்துட்டு வந்து ஓட்டுறதுன்னு அர்த்தம். ஆரம்பத்துல அப்படித்தான் இருந்தது. இப்போ மேல பார்க்க கேம்ரி மாதிரியோ மஸ்டாங் மாதிரியோ இருக்கும், உள்ளே முழுக்க பைப் வெல்டிங் ஃப்ரேம். கதவு திறக்காது, ஜன்னல் வழியாத்தான் ஏறணும். முன்னாடி பளபளன்னு தெரியற ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். எஞ்சின் மட்டும் 5.8 லிட்டர், வி-8. இதுல செம காமெடி என்னன்னா, இவ்ளோ பெரிய நாட்டுல இவ்ளோ பெரிய ரேஸுக்கு 2011 வரைக்கும் கார்புரேட்டர்தான். வால்வைத் திறக்கிறதுக்கு இன்னிக்கும் புஷ்ராட்தான். நம்ம ஊர் அம்பாசடர்ல இருந்த அதே ஏற்பாடு! ஒர்க்‌ஷாப் அண்ணன் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "அப்ப என்னையும் அமெரிக்காவுக்குக் கூப்பிடச் சொல்லுப்பா"ன்னார்.

சரி, ஆல்-ஸ்டாருக்கு வருவோம்.

முதல் ரேஸ் 1985 மே மாசம், சார்லட் ட்ராக்ல. காசு போட்டது ஒரு சிகரெட் கம்பெனி, அதனால ரேஸ் பேரே 'தி வின்ஸ்டன்'. 1984-ல ஒரு ரேஸாவது ஜெயிச்சவங்களை மட்டும் கூப்பிட்டாங்க. மொத்தமே 12 பேர், 70 லேப், பரிசு 2 லட்சம் டாலர். முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ஹாரி கான்ட் லீடிங். கடைசி நேரத்துல டாரல் வால்ட்ரிப் முந்திப் போய்க் கோட்டைத் தொட்டார். தொட்ட அந்த நொடியில எஞ்சின் 'டமார்'! புகை மண்டலம். ஒரே ஒரு லேப் முன்னாடி வெடிச்சிருந்தா 2 லட்சம் போச்சு. "செக்கிங்ல மாட்டாம இருக்க வேணும்னே வெடிக்க வச்சுட்டாங்க"ன்னு அப்பவே பேச்சு கிளம்பிடுச்சு. உண்மை என்னவோ, அந்தக் காரோட ஓனர் பேரை மட்டும் மறக்காம வச்சுக்குங்க: ஜூனியர் ஜான்சன். கொஞ்ச நேரத்துல வருவார்.

1987-ல ஃபார்மட்டை மாத்தினாங்க. 75 லேப், அப்புறம் 50, கடைசியா வெறும் 10. யோசிச்சுப் பாருங்க, மூணு மணி நேரப் பேப்பர்ல கடைசிப் பத்து நிமிஷம்தான் கணக்குன்னா எப்படி இருக்கும்? அதுவரைக்கும் பெரும்பாலும் லீட் பண்ணினவர் பில் எலியட். கடைசிப் பத்துல டேல் எர்ன்ஹார்ட் முன்னாடி வந்துட்டார். எலியட் இடிக்க, எர்ன்ஹார்ட் கார் ட்ராக்கை விட்டு உள் பக்கப் புல்லுல இறங்கிடுச்சு. வேற யாரா இருந்தாலும் அங்கேயே சுத்தி நின்னிருப்பாங்க. இந்த மனுஷன் அந்த வேகத்துல புல்லு மேலயே ஓட்டி, லீடையும் விடாம மறுபடி ட்ராக்குல ஏறினார், ஜெயிச்சார். இன்னிக்கும் அதை 'புல்லுல ஓவர்டேக்'னுதான் சொல்றாங்க. உண்மையில அவர் அங்க யாரையும் ஓவர்டேக் பண்ணலை, ஏற்கெனவே அவர்தான் ஃபர்ஸ்ட். பேரு வச்சா வச்சதுதான்!

1989-ல ரஸ்டி வாலஸ் தட்டி வால்ட்ரிப் சுத்திட்டார். ஜெயிச்சது வாலஸ். ரெண்டு டீம் ஆளுங்களும் பிட்டுல கைகலப்பு. அந்தப் பணம் அவன் தொண்டையில அடைக்கட்டும்னு வால்ட்ரிப் கேமரா முன்னாடியே சாபம் விட்டார். 1992-ல முதல் தடவையா ராத்திரியில, விளக்கு வெளிச்சத்துல நடத்தினாங்க. டேவி அலிசன் ஜெயிச்சார். கோட்டைத் தாண்டின கையோட கைல் பெட்டி காரோட மோதி சுவத்துல அடிச்சு, நினைவு தப்பி ஆஸ்பத்திரிக்குப் போனார். கோப்பை ஒரு பக்கம், ஜெயிச்சவர் ஒரு பக்கம்.

ஏன் இந்த ரேஸ்ல மட்டும் இவ்ளோ வெறி? எனக்குத் தோணறது இதுதான். பாயின்ட் இருந்தா டிரைவர் மனசுக்குள்ள ஒரு கால்குலேட்டர் ஓடும். 'ரெண்டாவது வந்தாலும் பரவால்ல, வண்டி முழுசா வீடு வந்து சேரட்டும்.' நாம யூனிட் அஞ்சை சாய்ஸ்ல விடற மாதிரிதான். ஆல்-ஸ்டார்ல சாய்ஸ் கிடையாது. ரெண்டாவது வந்தவரை அடுத்த நாள் யாரும் பேசறதில்லை.

இந்த இடத்துல மெக்கானிக்கல் பையனா ஒரு சின்ன லெக்சர். 'வட்டமா லெஃப்ட்லயே சுத்தறதுல என்னடா இருக்கு?'ன்னு ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்கறாங்க. வீட்ல டீ டம்ளர் இருக்குல்ல, வாய் அகலமா, அடி குறுகலா? அதைத் தரையில படுக்க வச்சு உருட்டி விடுங்க. நேரா போகாது, வட்டம் அடிக்கும். ஓவல் ட்ராக்ல அதே டெக்னிக்தான். வலது பக்க டயரோட சுற்றளவை இடது பக்கத்தை விடக் கொஞ்சம் கூட்டி வைப்பாங்க. கார் தானாவே இடது பக்கம் திரும்பப் பார்க்கும். நேர் ரோட்டுல டிரைவர் அதை வலது பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே போகணும். சார்லட்ல வளைவு 24 டிகிரி சாய்வு, வீட்டு மாடிப்படியை விடக் கொஞ்சம்தான் கம்மி. அந்தச் சாய்வுல கிட்டத்தட்ட 300 கி.மீ. வேகத்துல போகும்போது வெளிப்பக்க டயர் மேல விழற லோடு சும்மா விளையாட்டு இல்லை.

விளையாட்டு இல்லைங்கிறதுக்கு ஒரு கோயம்புத்தூர்க்காரர் சாட்சி. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ், ஃபார்முலா ஒன். அந்த ட்ராக்ல ஓவலோட ஒரு சாய்வான வளைவும் வரும். அந்த வளைவுல மிஷ்லின் டயர் தாங்கலை. பிராக்டீஸ்லயே வெடிச்சுது. ரேஸ் அன்னிக்கு மிஷ்லின் டயர் போட்ட 14 காரும் ஒரு சுத்து சுத்திட்டு உள்ளே போயிடுச்சு. பாக்கி நின்னது பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார். அதுல நாலாவது வந்தவர் நம்ம நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்ல பாயின்ட் எடுத்த முதல் இந்தியர்! 'ஆறு பேர்ல நாலாவது'ன்னு கிண்டல் பண்றவங்களுக்கு நான் ஒண்ணுதான் சொல்வேன். ஓவலோட ஒரே ஒரு வளைவு, உலகத்துலயே பெரிய டயர் கம்பெனியில ஒண்ணை மண்டியிட வச்சது அன்னிக்கு. அந்த வளைவுல கடைசி வரைக்கும் ஓட்டி முடிச்ச ஆறு பேர்ல ஒருத்தர் இவர்.

அந்த ஓவல் சமாச்சாரம் அவரை அதோட விடலை. 2010-ல நரேன் நேரா நாஸ்காருக்கே போனார். கப் ரேஸுக்கு இல்லை, அதோட தம்பி மாதிரி ஒரு சீரிஸ் இருக்கு, டிரக் சீரிஸ். டிரக்னா லாரி இல்லீங்க, பிக்-அப் வண்டி மாதிரி பாடி போட்ட ஸ்டாக் கார். 2010 மார்ச் 27, மார்ட்டின்ஸ்வில் ட்ராக். அரை மைல் நீளமே உள்ள குட்டி ஓவல், பம்பரோட பம்பர் உரசாம ஒரு லேப் போக முடியாது. அங்க ஜெயிச்சா கோப்பைக்குப் பதிலா ஆள் உயரத்துக்கு ஒரு பெண்டுலம் கடிகாரம் தருவாங்க! ஓவல் பழக்கமே இல்லாத நம்மாளு முதல் ரேஸ்லயே 13-வது வந்தார். இந்தியாவில் பிறந்து நாஸ்கார் தேசிய சீரிஸ் ஒண்ணுல ஓட்டின முதல் ஆள் அவர்தான்.

அந்த சீசனை அவர் முழுசாக்கூட ஓட்டலை. ஆனா வருஷக் கடைசியில டிரக் சீரிஸோட 'மோஸ்ட் பாப்புலர் டிரைவர்' விருது யாருக்கு? நரேனுக்கு! ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற விருது அது. அமெரிக்காக்காரன் அன்னிக்கு முழிச்சிருப்பான். கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் இவனுங்க ஓட்டுப் போடுவானுங்கன்னு நினைச்சிருப்பான் போல.

இந்த ஓட்டு விஷயம் ஆல்-ஸ்டார்லயும் உண்டு. 2025 வரைக்கும் இருந்த ரூல்படி ரேஸ் ஜெயிச்சவங்க, பழைய சாம்பியன்கள் எல்லாம் நேரா உள்ளே. மத்தவங்களுக்கு 'ஓப்பன்'னு தனியா ஒரு ரேஸ், அதுல ஜெயிச்சு உள்ளே வரணும். அதுலயும் வராத ஒருத்தரை ரசிகர்கள் ஓட்டுப் போட்டு உள்ளே தள்ளலாம். 2013-ல டேனிகா பேட்ரிக் அப்படித்தான் வந்தாங்க. இது நியாயமான்னு எங்க ரூம்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை. என் ஓட்டு 'நியாயம்' பக்கம். காசு கொடுத்து கேலரியில உட்கார்றவனுக்கு ஒரே ஒரு சீட்டு கொடுக்கிறதுல தப்பில்லை. ஆனா ஓட்டு வாங்கிக் கொடுக்கிற சீட்டு ஒரு ராத்திரிக்குத்தான். நரேனுக்கு அவ்ளோ ஓட்டு விழுந்தும் அடுத்த வருஷம் அவர் டிரக்ல இல்லை. 2011-ல ஹெச்.ஆர்.டி. டீமோட ஃபார்முலா ஒன்னுக்கே திரும்பிட்டார்.

ஆல்-ஸ்டார் டைப்ல அவர் இன்னொரு இடத்துலயும் ஜெயிச்சிருக்கார். 'ரேஸ் ஆஃப் சாம்பியன்ஸ்'னு ஒண்ணு உண்டு. 1988-ல ஆரம்பிச்சது. எஃப்-1, ராலி, நாஸ்கார்னு எல்லா ரகத்து ஆளுங்களையும் கூப்பிட்டு ஒரே மாதிரி காரைக் கையில கொடுத்து மோத விடுவாங்க. இங்கயும் எந்த சாம்பியன்ஷிப் பாயின்ட்டும் கிடையாது. 2012 டிசம்பர்ல பாங்காக்ல ஒரு ஃபுட்பால் ஸ்டேடியத்துக்குள்ளேயே ரோடு போட்டு நடத்தினாங்க. அதுல ஆசியப் பிரிவை ஜெயிச்சது இந்தியா. டீம்ல ரெண்டே பேர், கோயம்புத்தூர் நரேன், சென்னை கருண் சந்தோக். முழுக்க முழுக்க நம்ம ஸ்டேட்! கிரிக்கெட்ல இப்படி ஒரு கப் வந்திருந்தா எங்க தெருவுல வெடி வெடிச்சிருப்பாங்க. இது நடந்ததே எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேருக்குத் தெரியலை.

இப்போ ஜூனியர் ஜான்சன். வடக்கு கரோலைனாவுல வில்க்ஸ் கவுண்டின்னு ஒரு மலையும் காடுமான ஏரியா. அங்க அந்தக் காலத்துல வீட்டுத் தொழிலே கள்ளச் சாராயம். ராத்திரியில காய்ச்சி, காருக்குள்ள அடுக்கி, மலை ரோட்டுல ஹெட்லைட்டை அணைச்சுட்டுப் பறப்பாங்க. பின்னாடி போலீஸ். காரு வெளியே பார்க்க சாதா ஃபோர்டு. உள்ளே சீட்டைக் கழட்டி, எஞ்சினைத் தட்டி ஏத்தி, பின்பக்க ஸ்பிரிங்கை கனமாக்கி வச்சிருப்பாங்க, சரக்கு ஏத்தினா வண்டி குந்தாம நிக்கணுமே! ஞாயித்துக்கிழமை வந்தா 'எவன் வண்டி ஃபாஸ்ட்'னு ஒரு மைதானத்துல பந்தயம். இந்தக் கூட்டத்தையெல்லாம் சேர்த்து, ரூல் புத்தகம் போட்டு, 1948-ல பில் ஃபிரான்ஸ் ஆரம்பிச்சதுதான் நாஸ்கார். 1949 ஜூன்ல சார்லட்ல நடந்த முதல் ஸ்டாக் ரேஸ்ல ஃபர்ஸ்ட் வந்த கார் டிஸ்குவாலிஃபை. காரணம்? பின்பக்க ஸ்பிரிங்! சாராய வண்டியை அப்படியே ரேஸுக்குக் கொண்டு வந்துட்டாங்க. ரெண்டாவது வந்தவருக்குக் கோப்பை போச்சு.

ஜூனியர் ஜான்சன் அந்த வில்க்ஸ் கவுண்டிப் பையன். ரோட்டுல அவரை போலீஸ் ஒரு தடவைகூடப் பிடிச்சதில்லை. 1956-ல அப்பாவோட சாராய அடுப்புப் பக்கத்துல நின்னப்போதான் மாட்டினார். 11 மாசம் ஜெயில். வெளியே வந்து ரேஸ் ஓட்டினார். மொத்தம் 50 ரேஸ் ஜெயிச்சார். அப்புறம் டீம் ஓனர் ஆனார். முதல் ஆல்-ஸ்டார்ல ஜெயிச்சு, எஞ்சின் வெடிச்ச அந்தக் கார் இவரோடது. 1986-ல அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அந்தப் பழைய கேஸுக்கு மன்னிப்பே கொடுத்துட்டார்.

இன்னொரு சேதி. அந்த கவுண்டியில நார்த் வில்க்ஸ்போரோன்னு ஒரு சின்ன ட்ராக். 1996-ல மூடிட்டாங்க. கேலரியில செடி முளைச்சுக் கிடந்தது. கால் நூற்றாண்டுக்கு அப்புறம் அரசாங்கக் காசு, ரசிகர் பட்டாளம், எர்ன்ஹார்ட் மகனோட பிடிவாதம் எல்லாம் சேர்ந்து அதை எழுப்பி உட்கார வச்சது. 2023, 2024, 2025 மூணு வருஷமும் ஆல்-ஸ்டார் நடந்தது அங்கதான்.

இவ்ளோ கதையும் எனக்கு ஏன் இவ்ளோ பிடிக்குதுன்னா, எங்க ஊர் அகரம். திண்டுக்கல்லேருந்து தாடிக்கொம்பு பக்கம். பாயின்ட் இல்லாத பந்தயம் எங்களுக்குப் புதுசு இல்லை. ரேக்ளா, மாட்டு வண்டிப் பந்தயம்னா எங்க பக்கத்துல சோறு தண்ணி வேணாம். எந்த ஊர் திருவிழாவா இருந்தாலும் நல்ல ஜோடியைத் தேடிப் பிடிச்சு கூப்பிடுவாங்க. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டுன்னு வயசு, அளவு பார்த்து தனித்தனிப் பந்தயம். சீசன் டேபிள் எதுவும் கிடையாது. அன்னிக்கு ஜெயிச்சா கொடி, ரொக்கம், அடுத்த திருவிழா வரைக்கும் பேச்சு. எங்க தாத்தா காலத்துல வாரம் பூரா ஏர் இழுத்த மாடே பந்தயத்துக்கும் போகுமாம். "அப்ப அது ஸ்டாக் மாடு தாத்தா"ன்னேன். அவருக்குப் புரியலை. ஆனா டம்ளர் மேட்டரைச் சொன்னதும் டக்குனு புரிஞ்சுது. "இடத்து மாடும் வலத்து மாடும் ஒண்ணா இருந்தா வளைவுல வண்டி வெளிய போயிரும்டா. உள்பக்கம் நிக்கிற மாடு நிதானிக்கணும், வெளிப்பக்க மாடு எட்டிப் போடணும்"ன்னார். குட்இயர் இன்ஜினீயர் சொல்ற அதே பாடம்!

மாட்டு வண்டிக்கு ஊர் இருக்கு, கமிட்டி இருக்கு, கயிறு கட்டின பாதை இருக்கு. எங்க வயசுப் பசங்களுக்கு என்ன இருக்கு? நாலுவழிச் சாலை இருக்கு. ராத்திரி பத்தரைக்கு மேல மொட்டை மாடியில படுத்தா கரூர் ரோட்டுப் பக்கமிருந்து சைலன்சர் கழட்டின பைக் சத்தம் வரும். முதல்ல ஒண்ணு, பின்னாடியே ரெண்டு மூணு. பந்தயம் பெரும்பாலும் பிரியாணிக்கு. சில நாள் ஐநூறு ரூபாய்க்கு. இதுக்கும் பாயின்ட் கிடையாது.

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர் ஒருத்தன் அப்படிப் போனவன் திரும்பி வரலை. மாடு எதுவோ குறுக்கே வந்துதுன்னாங்க, சென்டர் மீடியன்ல அடிச்சிருக்கான். பத்தொன்பது வயசு. லேத்துல கை சுத்தமா இருக்கும் அவனுக்கு, எங்க செட்டுக்கே டர்னிங் சொல்லிக் கொடுத்தவன். மறுநாள் ஃப்ளெக்ஸ் வச்சோம். ஃபோட்டோ தேடினா எல்லாத்துலயும் அந்த பைக் மேலதான் உட்கார்ந்திருக்கான். பைக்கை க்ராப் பண்ணச் சொன்னாங்க அவங்க அம்மா. பண்ணினோம், ஹேண்டில்ல இருந்த கை மட்டும் போகலை. அந்த ஃப்ளெக்ஸ் காத்துல கிழியறதுக்குள்ள, அடுத்த சனிக்கிழமை, அதே சத்தம் மறுபடி கேட்டுச்சு.

ட்ராக்குலயும் சாகறாங்க. மறைக்க வேண்டியதில்லை. புல்லுல ஓட்டினாரே எர்ன்ஹார்ட், 2001 பிப்ரவரி 18, டேடோனா, கடைசி லேப்ல சுவத்துல மோதி இறந்துட்டார். உலகத்துலயே கெட்டிக்கார டிரைவர்னு பேரெடுத்தவர். ஆனா அதுக்கப்புறம் என்ன நடந்துதுன்னு பாருங்க. விசாரணைக் கமிட்டி, ரிப்போர்ட். மோதும்போது தலை முன்னாடி வீசிக் கழுத்து முறியாம இருக்க ஹெல்மெட்டைத் தோளோட கட்டி வைக்கிற 'ஹான்ஸ்' மாதிரியான பட்டையை அந்த வருஷமே கட்டாயமாக்கினாங்க. கான்கிரீட் சுவத்துக்கு முன்னாடி ஸ்டீலும் ஃபோமும் சேர்ந்த மெத்தைச் சுவர் வந்துது. அதுக்கப்புறம் கப் ரேஸ்ல ஓட்டுநர் ஒருத்தர்கூட உயிர் விடலை. நம்ம இருங்காட்டுக்கோட்டையில 2023-ல மட்டும் ரெண்டு உயிர் போச்சு. ஜனவரியில அனுபவசாலி கார் ரேசர் கே.இ. குமார், ஆகஸ்ட்ல பைக் ரேஸ்ல 13 வயசுப் பையன். 'பதிமூணு வயசுல அந்த வேகம் சரியா'ன்னு நாடு முழுக்கக் கேள்வி கேட்டாங்க. கேக்கணும். ஆனா எங்க ஜூனியர் விஷயத்துல கேள்வி கேக்க ஆளே இல்லை. எந்த வேகம், ஹெல்மெட் ஸ்டிராப் போட்டிருந்தானா, அந்த இடத்துல விளக்கு எரிஞ்சுதா, ஒண்ணும் யாரும் குறிச்சு வைக்கலை. எஃப்.ஐ.ஆர்.ல நாலு வரி. அவ்ளோதான்.

போலீஸ் வண்டியைப் பறிமுதல் பண்றாங்க, ஃபைன் போடறாங்க. வேணும்தான். ஆனா வில்க்ஸ் கவுண்டி பசங்களை போலீஸ் மட்டும் துரத்திக்கிட்டே இருந்திருந்தா ஜூனியர் ஜான்சன் கடைசி வரைக்கும் சாராயம்தான் ஓட்டியிருப்பார்.

இடம் இல்லாமலும் இல்லை பாஸ். சென்னைக்கு வடக்கே சோழவரத்துல ரெண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் ரேஸ் நடத்துச்சு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு எல்லாம் ஓடும். நம்ம ஊர் ஒரிஜினல் ஸ்டாக் கார்! ஒரு காலத்துல விஜய் மல்லையா எஃப்-1-ல ரிட்டையர் ஆன என்சைன் காரைக் கொண்டு வந்து ஓட்டினதும் அங்கதான். 1990-ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்துது, 3.7 கி.மீ. நீளம். கோவையில மாருதி 800 எஞ்சினை வச்சு 'ஃபார்முலா மாருதி' காரைக் கட்டினவர் எஸ். கரிவரதன். நம்ம பசங்களுக்கும் கட்டுப்படியாகிற விலையில ரேஸ் கார்ங்கிறதுதான் அவர் ஐடியா. 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். செட்டிப்பாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவர் பேருதான். 2024 ஆகஸ்ட், செப்டம்பர்ல சென்னை தீவுத்திடலைச் சுத்தி 3.5 கி.மீ.க்கு ராத்திரி ரேஸே நடந்துச்சு. அன்னிக்கு எங்க ஹாஸ்டல் பசங்க டி.வி. ரூமை விட்டு எழுந்திருக்கலை.

அகரத்துலேருந்து கரி ட்ராக்குக்கு நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி பத்தரைக்குப் பிரியாணிப் பந்தயம் கட்டறவன் அங்க போகமாட்டான். தெரியும். திண்டுக்கல் பக்கம் சும்மா கிடக்கிற ஏதாவது ஒரு தார்ப் பாதையில, மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, ஆம்புலன்ஸும் வைக்கோல் கட்டும் வச்சு கால் கிலோமீட்டர் நேர் ரேஸ் விடுங்கன்னு கேட்டு, எங்க பசங்க நாப்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒண்ணு ரெடியாகிட்டிருக்கு. சிரிக்கிறவங்க சிரிங்க. நார்த் வில்க்ஸ்போரோ கேலரியில செடி முளைச்சப்பவும் சிரிச்சிருப்பாங்க.

இதுக்கு நடுவுல எங்க காலேஜ் டீம் ஒரு கார் கட்டிட்டிருக்கு. ஸ்டூடன்ட்ஸே டிசைன் பண்ணிக் கட்டற ஃபார்முலா பாரத் போட்டிக்காக. அது பல வருஷமா நடக்கிறது கரி ட்ராக்லதான். ஜெயிச்சா கிரேடு ஏறாது, சீனியர்ஸ் சொல்லிட்டாங்க. வேகம்லாம் அப்புறம். ட்ராக்ல விடறதுக்கு முன்னாடியே சேஃப்டி டெஸ்ட் இருக்கு. பிரேக் அடிச்சா நாலு சக்கரமும் ஒண்ணா லாக் ஆகணும். டிரைவர் முழு பெல்ட்டும் கட்டி உட்கார்ந்த நிலையிலேருந்து அஞ்சு செகண்டுக்குள்ள வெளியே வந்து நிக்கணும். எங்க டிரைவர் அந்த ஜூனியரோட ரூம்மேட். அன்னிக்கு ராத்திரி பின்னாடி வந்த பைக்ல இருந்தவன். இப்போ தினமும் சாயங்காலம் ஒர்க்‌ஷாப் ஷெட்ல பாதி வெல்டிங் முடிஞ்ச ஃப்ரேமுக்குள்ள உட்கார்றான். நான் ஸ்டாப்வாட்சைப் பிடிச்சுக்கறேன். நேத்திக்கு 5.8. இன்னும் 0.8 செகண்ட் குறைக்கணும்.